நைலான் சட்டையும் ஒரு சம்பந்தமும்

"தம்பி, சாக்கிட் கா?"

போன ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸை வழியில் நிறுத்திச் சோதனை போட்ட மலாய்க் கான்ஸ்டபிள் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. உடம்பு சரியில்லையா என்கிறார்.

கேட்காமல் என்ன செய்வார், பாவம்? பஸ்ஸிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் காய்ந்த முகத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். நான் ஒருவன் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து தூக்கிப் போட்டவன் மாதிரி நிற்கிறேன். நெற்றியில் வியர்வை, மூக்கு நுனியில் வியர்வை. ஐ.சி.யை, அதுதான் அடையாள அட்டையை, நீட்டிய கையிலும் வியர்வை.

இந்த அவசரகாலத்தில் ஒரு ஆள் காரணமில்லாமல் இப்படி வியர்த்துக்கொண்டு நின்றால் என்ன நினைப்பார்கள்? காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோகிறவன் என்று நினைக்கமாட்டார்களா? எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"பாஜு… பாஜு பாரு. பானாஸ்!" என்றேன். சட்டை புதுச் சட்டை, ஒரே சூடு என்று சொல்ல எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான்.

அவர் என் சட்டைக் கையின் துணியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். உள்ளே போட்டிருந்த பனியன் வெளியே தெரிவதைப் பார்த்தார். பிறகு தன் கூட்டாளியைக் கூப்பிட்டு அவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். "நைலோன்!" என்றார் இரண்டாமவர், என்னவோ என் வியாதிக்குப் பெயர் கண்டுபிடித்த டாக்டர் மாதிரி.

உண்மையில் அதுதான் வியாதியின் பெயர் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். தெங்கேராவில் சோப்பு, சீப்பு, ஊதுவத்தி விற்கிறவன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. மழை வந்தால் கூரையை நினைத்துக் கவலை, வராவிட்டால் கிணற்றை நினைத்துக் கவலை. "கவலைப்பட ஒண்ணும் இல்லையேன்னு கூட நீங்க கவலைப்படுவீங்க" என்பாள் என் மனைவி மீனாட்சி. அப்படி ஒரு நாள் இதுவரை வரவில்லை.

அப்படிப்பட்டவன் ஏன் நைலான் சட்டைக்குள் நுழைந்தேன்?

தங்கைக்காக.

எங்கள் அம்மா அப்பா போன பிறகு தங்கை கமலம் என் வீட்டில்தான் வளர்ந்தாள். வரன்கள் வந்தன. வந்தபோதெல்லாம் "பாக்கலாம் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். மஸ்ஜித் தானா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாகக் கணக்கு எழுதுகிற சண்முகம் என்ற பையனின் பேச்சு வந்தபோது மட்டும் பாத்திரம் தேய்க்கப் போகவில்லை. நின்றாள். கோயில் திருவிழாவில் அவரைப் பார்த்திருக்கிறாளாம். அவரும் பார்த்திருக்கிறாராம். பேசிக்கொள்ளவில்லையாம். நான் நம்புகிறேன்.

பையனின் அம்மா பொன்னம்மா ஏற்கெனவே வந்து கமலத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பையனுக்கு அன்று சம்பளப் பட்டுவாடா, வரமுடியவில்லை. அடுத்தது எங்கள் முறை. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போக வேண்டும். பிடித்தால் அங்கேயே வெற்றிலை மாற்றி நாள் குறிப்பது என்று பேச்சு.

எனக்குத் தூக்கம் போயிற்று. பையன் ஆங்கிலப் பள்ளியில் படித்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவன். நான் பெட்டிக்கடைக்காரன். 'பொண்ணோட அண்ணன் இவ்வளவுதானா' என்று நினைத்துவிட்டால்?

டவுனில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போனேன். கடைப் பையன் என் முகத்தைப் பார்த்தே என்னைப் படித்துவிட்டான் போலிருக்கிறது.

"அண்ணே, இது சிங்கப்பூர்ல இருந்து எறங்குன சரக்கு. ராவுல அலசித் தொங்க விடுங்க, காலைல எடுத்து மாட்டுங்க. இஸ்திரி வேணாம். கஞ்சி வேணாம். உங்க பேரன் வரைக்கும் கிழியாது."

கஞ்சி வேண்டாம் என்றதும்தான் விழுந்தேன். ரேஷன் அரிசி வாங்கி வடிக்கிற வீடுகளில் இப்போது வடிகஞ்சியைச் சட்டைக்கு ஊற்ற மனசு வருமா? எங்கள் வீட்டில் அதை உப்புப் போட்டு நான் குடித்துவிடுகிறேன். அதனால் என் பருத்திச் சட்டைகள் எல்லாம் சில மாதங்களாகவே என்னை மாதிரி தொய்ந்துபோய்க் கிடக்கின்றன. இதுவோ, பளபள என்று விறைப்பாக, கவலையே தெரியாத சட்டை!

வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். மீனாட்சி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் நின்ற கமலத்தின் முகம் முழுசாகத் தெரிந்தது.

"இது சட்டையா, கொசுவலையா?"

"கொசுவலையில காத்தாவது வரும் அண்ணி" என்றாள் கமலம், துணியை வாயருகே வைத்து ஊதிப் பார்த்துவிட்டு. "இதுல ஊதுனா என் மூஞ்சிக்கே திரும்பி வருது."

அப்போதே எனக்கு மண்டையில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

ஞாயிறு காலை நானும் மீனாட்சியும் கிளம்பும்போது கமலம் வாசல் வரை வந்தாள். தட்டில் பழமும் வெற்றிலையும் அடுக்கிக் கொடுத்தாள். வழக்கமாக என்னைக் கேலி செய்கிறவள் அன்று கேலி செய்யவில்லை.

"அண்ணே, அங்க போயி ரொம்ப யோசிச்சு எதையும் சொல்லி வச்சிடாதீங்க. இது… எனக்குப் புடிச்ச எடம்."

இவ்வளவுதான் சொன்னாள். இது போதாதா எனக்கு? பஸ் ஏறும்போதே வியர்க்க ஆரம்பித்துவிட்டது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தோட்டத்தைச் சுற்றி இப்போது முள்வேலி, ஒரே ஒரு கேட், கேட்டில் துப்பாக்கியோடு காவல். உள்ளே போகிறவர்கள் இருட்டுவதற்கு முன் வெளியே வந்துவிட வேண்டும், அதற்கப்புறம் பூட்டுத்தான். காவலில் இருந்தவர் நம்ம ஆள், தடித்த மீசைக்காரர். எங்கள் பழத்தைப் புரட்டினார், வெற்றிலையை உதறினார், ஐ.சி.யையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரப் பாக்கப் போறீங்க?"

"கிராணி சண்முகம் வீட்டுக்கு."

"என்ன, சம்பந்தமா?" என்றார் என் சட்டையைப் பார்த்தபடி. "சட்டை மாப்பிள்ளை கணக்கா மின்னுதே லா!"

நான் சிரித்தேன். கழுத்துக்குப் பின்னால் ஏதோ எறும்பு ஊர்வது போல் இருந்தது. தட்டினேன். எறும்பு இல்லை.

கிராணி வீடு பலகை வீடு, தகரக் கூரை. கூரைக்குக் கீழே வெக்கை அப்படியே இறங்கி உட்கார்ந்திருந்தது. பொன்னம்மா வாசலுக்கு வந்து வாய் நிறைய வரவேற்றார். "வாங்க தம்பி, வாம்மா! வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க." நல்ல மனுஷி, கண்ணிலே சிரிப்பு. நாற்காலிகளைத் துடைத்து வைத்திருந்தார். சாமி படத்துக்குப் புதுப் பூ.

சண்முகம் உள்ளே இருந்து வந்து கும்பிட்டார்.

நான் ஒரு நிமிஷம் என்னையே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி பார்த்தேன். அவர் போட்டிருந்ததும் நைலான் சட்டை! அதே பளபளப்பு, அதே விறைப்பு. உள்ளே பனியன் தெரிகிறது.

சரி, படித்தவரே போட்டிருக்கிறார், நாம் தப்புப் பண்ணவில்லை என்று ஒரு நிம்மதி. ஆனால் அந்த நிம்மதி நாற்காலியில் சாய்ந்ததும் போய்விட்டது.

அரிப்பு! முதுகில் இல்லை. பனியன் இல்லாத இடமெல்லாம். கழுத்தைச் சுற்றி, தோளிலிருந்து மணிக்கட்டு வரை, அக்குளுக்குள்ளே… யாரோ காஞ்சொறி இலையை வைத்துத் தேய்த்த மாதிரி! வியர்வை ஊறுகிறது, போக வழியில்லை, சட்டைக்கும் தோலுக்கும் நடுவில் குளம் கட்டி நிற்கிறது. சொறியலாமா? பெண் வீட்டுக்காரன், வந்த இடத்தில், நடு வீட்டில் உட்கார்ந்து சொறிவதா? பல்லைக் கடித்துக்கொண்டேன். டீ வந்தது. கப்பை எடுக்கிற சாக்கில் முழங்கையை நாற்காலிக் கையில் ஒரு தேய். வைக்கிற சாக்கில் இன்னொரு தேய்.

மீனாட்சி என்னை முறைத்தாள்.

மாப்பிள்ளை என்னடா என்றால் வாயைத் திறக்கவில்லை. நான் தோட்டத்து வேலையைப் பற்றிக் கேட்டேன். "ஆமாண்ணே" என்றார். பிரயாணத்தைப் பற்றிச் சொன்னேன். "அப்படீங்களா" என்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. கதவு நிலையோடு ஒட்டி, சிலை மாதிரி. அவ்வப்போது தோளை மட்டும் நிலையில் கொஞ்சம் ஏற்றி இறக்கினார்.

என் கவலை கிளைவிட்டது. கமலத்தை இவருக்குப் பிடிக்கவில்லையோ? அம்மாவின் கட்டாயமோ? என்னைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டதோ?

மீனாட்சியும் பொன்னம்மாவும் வீடு, சமையல், கோயில் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பொன்னம்மாவின் பேச்சு நின்றது. அவர் கண் என் கழுத்தில் இருந்தது. நான் அறியாமல் காலரைத் தளர்த்தியிருந்தேன் போலிருக்கிறது. கண் அங்கிருந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. அங்கேயும் செக்கச் செவேல் என்று தடிப்பு.

அவர் கண்ணில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"தம்பிக்கு… உடம்புல ஏதும்?"

"வேர்க்குரு" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"வேர்க்குரு இப்படி இருக்காதே."

 தகரக் கூரை வெயிலில் படீர் படீர் என்று வெடித்துக்கொண்டிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி" என்றார்.  "என் தங்கச்சி மகள இப்படித்தான், தோல்ல வந்த நோவ மறைச்சி கட்டி வச்சிட்டாங்க. அவ பட்ட பாட்ட நான் கூட இருந்து பாத்தவ. அதனால கேக்குறேன். இது உங்க குடும்பத்துல… தங்கச்சிக்கும் இருக்கா?"

வாசகர்களே, என் வாழ்நாளில் நான் பட்ட கவலைகளையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த ஒரு நொடிக்கு ஈடாகாது. வெயில், பஸ், சோதனை எல்லாம் மறந்துபோய், வாசலில் நின்று "எனக்குப் புடிச்ச எடம்" என்ற கமலத்தின் முகம் மட்டும் முன்னால் வந்தது. ஒரு சட்டையால், வெறும் ஒரு சட்டையால், அவளுக்கு இல்லாத நோயை நான் பஸ் ஏறி வந்து இந்த வீட்டில் இறக்கி வைத்துவிட்டேன்!

"அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்லம்மா. இது இந்தச் சட்டை…"

"சட்டையா?" பொன்னம்மா நம்பவில்லை. யார் நம்புவார்கள்? சட்டை கிழியும், சட்டை சாயம் போகும். சட்டை நோய் கொடுக்கும் என்று எந்தக் கடைக்காரன் சொல்லியிருக்கிறான்?

அவர் எழுந்து நின்றார்.

"இப்படிக் கேக்கக் கூடாதுதான். ஆனா கேட்டுடறேன். அந்தச் சட்டையக் கழட்டுறீங்களா தம்பி?"

மீனாட்சிக்கு முகம் சிவந்தது. "என்னம்மா பேச்சு இது? வீடு பாக்க வந்த ஆம்பளையப் பாத்து…"

எனக்கும் சுருக்கென்றது. கழற்றினால் மரியாதை போயிற்று. கழற்றாவிட்டால்? "மறைச்சிட்டாங்க" என்ற சொல் ஊர் முழுக்கப் போகும். தோட்டத்துக்கும் தெங்கேராவுக்கும் எவ்வளவு தூரம், ஒரு பஸ் தூரந்தானே! கமலத்துக்கு அதற்கப்புறம் இந்த வரன் மட்டுமா போகும்?

மரியாதை கிடக்கட்டும் என்று பட்டனைக் கழற்றினேன். வியர்வையில் ஒட்டிப்போன சட்டை உரிந்து வருகிற மாதிரி வந்தது. பனியனையும் தலைவழியாகக் கழற்றிவிட்டு, சாமி படத்துக்கு எதிரே, வெற்றுடம்போடு நின்றேன். ஆயிற்று, என் சம்பந்தி மரியாதை.

பொன்னம்மா கிட்டே வந்தார். முன்னால் பார்த்தார். "திரும்புங்க தம்பி" என்றார். திரும்பினேன்.  அவர் விரல் ஒன்று என் தோள்பட்டையில் ஒரு கோடு இழுத்தது.

"அம்மாடி!" என்றார். "இங்க வந்து பாரும்மா."

மீனாட்சி வந்து பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பனியன் இருந்த இடம் முழுக்க என் தோல் எப்போதும் போல் இருந்ததாம். பனியனின் கழுத்து விளிம்பு முடிகிற இடத்தில், தோள் விளிம்பு முடிகிற இடத்தில், பிளேடால் கீறிவிட்ட மாதிரி ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் செக்கச் செவேல். பருத்தி தொட்ட இடம் தப்பித்தது, நைலான் தொட்ட இடம் வெந்தது. எந்த நோய் இவ்வளவு சரியாகத் தையல்காரன் அளவெடுத்த மாதிரி வரும்?

பொன்னம்மா ஒரு பெரிய மூச்சு விட்டார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் என் மனைவியை உங்களுக்குத் தெரியாது. புருஷனின் சட்டையைக் கழற்ற வைத்ததை அவள் அப்படியே விட்டுவிடுகிறவளா?

"சரிம்மா. இவரு கழட்டிட்டாரு." மீனாட்சியின் கண் கதவு நிலைப் பக்கம் போயிற்று. "உங்க மகனையும் கழட்டச் சொல்லுங்க. வந்ததுல இருந்து அந்த நிலையில தோளத் தேச்சிக்கிட்டு இருக்காரு. நாங்களும் ஒரு பொண்ணக் குடுக்குறவங்கதானே!"

எனக்கு உயிரே போய்விட்டது. ஒப்பேறி வந்த காரியத்தை இவள் உடைக்கிறாளே!

சண்முகத்தின் முகம் என் கழுத்தை விடச் சிவந்தது. அம்மாவைப் பார்த்தார். பொன்னம்மா அவரைப் பார்த்தார்.

"டேய் சம்முவம்… உனக்குமாடா?"

"காலைல இருந்தும்மா" என்றார் அந்தப் படித்த பிள்ளை, அழுகிற குரலில். அன்று அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். "சொன்னா நீ பயந்துடுவேன்னுதான்… அண்ணனும் ஏதாச்சும் நெனச்சிப்பாருன்னு…"

பட்டனைக் கழற்ற அவருக்குப் பொறுமை இல்லை. ஒரு பட்டன் தெறித்துச் சாமி படத்தில் பட்டது. பனியனையும் உருவி எறிந்தார். அவர் தோளிலும் அதே கோடு, அதே சிவப்பு. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, இரண்டு பெண்களும் எங்களைச் சுற்றி வந்து பார்த்தார்கள், சந்தைக்குக் கொண்டுவந்த மாட்டைப் பார்க்கிற மாதிரி.

பிறகு யார் முதலில் சிரித்தது என்று எனக்குத் தெரியாது. பொன்னம்மா சிரிப்பு தாங்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் என்னமோ கடை வச்சிருக்கிற பெரிய எடத்துல இருந்து வர்றாங்க, நாம கொறஞ்சிடக் கூடாதுன்னு இவனுக்கு இந்தக் கண்றாவிய வாங்கிக் குடுத்தேன்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நாங்க பெரிய எடமா?" என்றாள் மீனாட்சி. "நாங்க உங்களப் பாத்துல்ல பயந்து வந்தோம்!"

பார்த்தீர்களா? ஒருவரைப் பார்த்து ஒருவர் பயந்து, ஒருவருக்காக ஒருவர் வெந்துகொண்டிருந்திருக்கிறோம். இதற்கு நடுவில் லாபம் பார்த்தது ஜவுளிக் கடை ஒன்றுதான்.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. நானும் சண்முகமும் நின்று வாளி வாளியாக ஊற்றிக்கொண்டோம். எரிச்சல் அடங்க அடங்க அவர் வாய் திறந்தது. திறந்தால் மூடவில்லை! கணக்கு, தோட்டத்துத் துரை, வெள்ளெலி மாதிரி மூஞ்சியுள்ள ஆபீஸ் கூட்டாளி ஒருவர், எல்லாக் கதையும் வந்தது. கடைசியில் வாளியைக் கீழே வைத்துவிட்டு, எங்கேயோ பார்த்தபடி, "அவங்க… நல்லா இருக்காங்களா?" என்றார். எவங்க என்று நான் கேட்கவில்லை. என்ன இருந்தாலும் எனக்கும் கொஞ்சம் நாகரிகம் தெரியும்.

பொன்னம்மா எனக்கு ஒரு சட்டை கொண்டுவந்து கொடுத்தார். சண்முகம் தினமும் ஆபீசுக்குப் போட்டுப் பழகிய வெள்ளைப் பருத்திச் சட்டை. பல தடவை துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட துணி. காலரில் லேசாக நைந்த இடம். அதை மாட்டியபோது… எப்படிச் சொல்ல? உடம்பு 'அப்பாடா' என்றது. பின்பக்கம் வீசிய காற்று சட்டைக்குள் நுழைந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே போயிற்று.

ரப்பர் மரங்களுக்கு நடுவில் விடியற்காலையிலிருந்து பால் வெட்டுகிற நம் ஜனங்களைப் பாருங்கள். பழைய பருத்திச் சட்டை, பழைய பருத்திச் சேலை, தலையில் பருத்தித் துண்டு. வியர்வையைத் துணி குடிக்கிறது, காற்று வந்து உலர்த்துகிறது. அவர்களில் யாருக்காவது நைலானைப் போட்டு மரத்தடிக்கு அனுப்பிப் பாருங்களேன், ஒரு வரிசை முடிவதற்குள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவருவார்கள். இந்த ஊர் வெயிலும் புழுக்கமும் குளிர் நாட்டுக்காரர்களின் கணக்கில் இல்லை. அவர்களுக்கு உடம்புச் சூடு வெளியே போகக் கூடாது. நமக்குப் போகாவிட்டால் செத்தோம்.

இதற்காக நைலானையே ஊரைவிட்டு விரட்டச் சொல்கிறேனா? இல்லை. குடையாகப் போடுங்கள், கயிறாகத் திரியுங்கள், மீன் வலை பின்னுங்கள். தோலோடு ஒட்டிக் கிடக்கிற துணி மட்டும் பருத்தியாக இருக்கட்டும். முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு. அடுப்படியில் நிற்கிற பெண்களுக்கு இன்னும் முக்கியமாக. நெருப்புப் பட்டால் இந்தத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளுமாம். கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு அது ஒரு தனிக் கவலை.

வாங்குகிற துணி எது என்று தெரியவில்லையா? ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்புக் காட்டுங்கள். பருத்தி, காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பட்டு, முடி பொசுங்கிய நாற்றம் அடிக்கும். நைலான் எரியாமல் சுருண்டு, உருகி, மணி மாதிரி கட்டியாகும். இந்த ஒரு வாரமாக நான் வீட்டிலுள்ள எல்லாத் துணியிலும் நூல் உருவிப் பார்த்துவிட்டேன். திரைச்சீலையைத் தொடப்போனபோது மீனாட்சி தீப்பெட்டியை ஒளித்து வைத்துவிட்டாள்.

கதைக்கு வருகிறேன். சிரிப்பிலும் குளியலிலும் பொழுது போனது தெரியவில்லை. வெற்றிலைத் தட்டு அப்படியே இருந்தது. சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து பேசலாம் என்று பொன்னம்மா சொன்னபோதே கேட் பக்கம் மணி அடித்துவிட்டது. வெளியாட்கள் கிளம்ப வேண்டும். வெற்றிலை மாற்றவில்லை, நாள் குறிக்கவில்லை. முடிந்ததா, முடியவில்லையா? "சொல்லி அனுப்புறோம் தம்பி" என்றார் பொன்னம்மா, அவசர அவசரமாகப் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வெற்றிலைத் தட்டை மீனாட்சியிடமே திருப்பிக் கொடுத்தபடி.

சொல்லி அனுப்புறோம்! இந்த இரண்டு வார்த்தைக்கு உலகத்தில் எத்தனை அர்த்தம் உண்டு என்று என்னைக் கேளுங்கள். கேட் வரைக்கும் நடந்த நேரத்தில் அத்தனையையும் யோசித்துவிட்டேன். 'யோசிச்சுச் சொல்றோம்' என்பதன் மரியாதையான வடிவமோ? எவ்வளவு சிரித்தாலும், நடு வீட்டில் உடம்பைக் காட்டிய அண்ணனின் தங்கை வேண்டாம் என்று ராத்திரி படுக்கும்போது தோன்றிவிட்டால்?

சண்முகம் வழியனுப்பக் கூடவே வந்தார். அவருக்குப் பின்னால் பொன்னம்மா.

கேட்டில் அதே மீசைக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நில்லுங்க."

நின்றேன்.

"உள்ள போகும்போது பளபளன்னு ஒரு சட்டை. வெளிய வரும்போது வேற சட்டை. என்ன விஷயம்?"

 இப்போதெல்லாம் ஆள் மாறுவது, உடுப்பு மாறுவது எல்லாம் விளையாட்டுக் காரியமா? சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போகிறவனை விட்டுவிட்டால் அவர் வேலை போய்விடும். மீனாட்சியின் பைக்குள் அலசி ஈரமாகச் சுருட்டி வைத்த நைலான் சட்டையை எடுத்துக் காட்டினேன். தண்ணீர் சொட்டியது. அது இன்னும் சந்தேகமாகிவிட்டது.

"துவைச்சிருக்கீங்க? எதுக்கு? என்ன கறை?"

"கறை இல்லீங்க… அரிப்பு…"

"அரிப்பா?" அவர் ஒரு அடி பின்னால் போனார். "இருங்க, மேல சொல்லணும்." திரும்பிச் சண்முகத்தைப் பார்த்தார். "கிராணி சார், நீங்க சொல்லுங்க. இவரு யாரு உங்களுக்கு?"

 என்ன சொல்வார்? வீடு பார்க்க வந்தவர் என்பாரா? தெரிந்தவர் என்பாரா? காவல்காரரிடம் சொல்கிற பேச்சு, நாளைக்கு மாற்ற முடியாத பேச்சு. நான் தரையைப் பார்த்தேன்.

"என் மச்சான்" என்றார் சண்முகம்.

தயக்கமே இல்லை. காலையில் ஆட்களுக்குப் பெயர் கூப்பிட்டு ரோல் கால் எடுக்கிற குரலில், தெளிவாக.

"சட்டையும் என்னோடதுதான். நான்தான் குடுத்தேன்."

"அட, அப்படிச் சொல்லுங்க! முடிஞ்சிடுச்சா?" மீசை மலர்ந்தது. "போங்க மச்சான், போங்க!"

நான் திரும்பிப் பார்த்தேன். பொன்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை. "நான் சொல்லி அனுப்புறதுக்கு முந்தி இவனே சொல்லிட்டான் பாருங்க" என்றார். பிறகு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, மீனாட்சியின் தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்துக்கொண்டு, தன் மடியிலிருந்த வெற்றிலையை அதில் வைத்தார். முள்வேலிக்கு உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை. துப்பாக்கிக்காரர்தான் சாட்சி. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு வெற்றிலை மாற்று இதுவரை நடந்ததில்லை.

பஸ்ஸில் என்னை யாரும் 'சாக்கிட் கா' என்று கேட்கவில்லை.

வீட்டில் கமலம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாதபடி மீனாட்சி வேண்டுமென்றே உம்மென்று இருந்தாள். கமலத்தின் கண் என் மேல் வந்தது. சட்டையில் நின்றது.

"இது யார் சட்டை அண்ணே?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். காஞ்சொறி, கோடு, பட்டன், கேட்… அவள் பாதிக்கு மேல் கேட்கவில்லை. உள்ளே போய் என்னுடைய பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதப் போட்டுக்கிட்டு அதக் கழட்டிக் குடுங்க. வேர்வை பட்டிருக்கும், துவைக்கணும்."

கல்யாணம் தை மாதத்தில். எங்கள் அம்மாவின் கூறைப் பட்டு இருக்கிறது. அதில் நூல் உருவிச் சோதித்தாயிற்று. மாப்பிள்ளைக்குக் கைத்தறி வேட்டி என்று பேச்சு. அன்றைக்கு மட்டும் என் பங்குக் கஞ்சியை நான் குடிக்கப்போவதில்லை, வேட்டிக்கு விட்டுக்கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வெள்ளைச் சட்டையைத் திருப்பிக் கொடுத்தனுப்ப வேண்டும். ஆனால் ஒரு வாரமாகியும், இன்னும் சரியாகக் காயவில்லை என்கிறாள் கமலம் — இந்த வெயிலில்!